மூடுவதற்கு முன் எண்ண வேண்டிய பதினாலு

இதை எழுத வேண்டும் என்று நினைத்து எட்டு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூஜை முடிந்ததும் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். முதல் பக்கத்திலேயே என் தப்பைச் சொல்லியாக வேண்டும். பிள்ளையார் சுழி மட்டும் போட்டுவிட்டு மூடிவிடுவேன். அப்படிப் பிள்ளையார் சுழி மட்டும் போட்ட நோட்டு வீட்டில் மூன்று இருக்கிறது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், எழுத வராது என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். எழுத வரும். சொல்லத்தான் வரவில்லை.

போன ஆயுத பூஜைக்கு நான் வேலை பார்த்த பீன்யா பட்டறையில் கூப்பிட்டிருந்தார்கள். பொரிகடலையைக் கையில் வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தேன். புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒருவர், நான் யாரென்று தெரியாமல், பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுத்தார்.

"பெரியவரே, இங்க ஆறுமுகம்னு ஒரு பக்தர் வேலை பாத்தாராம். தெரியுமா?"

"சொல்லுங்க."

"ராஃப்ட்ல ஓட்டை இருக்குன்னு சாமியே கனவுல வந்து சொல்லிச்சாம். உடனே மங்களூருக்கு ஓடிப் போயி ரெண்டு உசுரைக் காப்பாத்தினாராம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அவர் இப்ப இல்ல போல."

ஆறுமுகம் நான்தான். வாயிலிருந்த கடலையை மென்று முழுங்கிவிட்டு, "நல்லா இருக்கு" என்று சொன்னேன். அன்று சாயங்காலமே நான்காவது நோட்டை வாங்கினேன்.

ராஃப்ட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நடுக்கடலில் படகு மூழ்கப் போகிறது என்றால், ஒரு பெட்டியைத் தண்ணீரில் தள்ளி அதன் கயிற்றை இழுப்பார்கள். உள்ளே இருக்கும் கேஸ் சிலிண்டர் திறந்து, மடித்து வைத்த ரப்பர் துணி ஊதிப் பெரிதாகி, கூரை போட்ட வட்டமான மிதவையாக நிற்கும். ஆட்கள் அதில் ஏறிக்கொண்டு கப்பல் வரும்வரை காத்திருக்கலாம். அதற்குப் பெயர் லைஃப்ராஃப்ட். நாங்கள் ராஃப்ட் என்போம்.

கடலே இல்லாத பெங்களூரில் இது எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். எங்கள் முதலாளிக்குப் பீன்யாவில் ஏற்கனவே ரப்பர் துணி ஷெட் இருந்தது. அவ்வளவுதான் காரணம். ராஃப்ட்டுகளை விற்போம், வாடகைக்கு விடுவோம், வருஷத்துக்கு ஒரு முறை திறந்து சோதித்து மடித்துக் கொடுப்போம். நான் தொண்ணூற்றொன்றில் சேர்ந்தேன். முதல் வருஷம் பெருக்கினேன், அடுத்த வருஷம் ஒட்டினேன், அதற்கப்புறம் மடித்தேன். ரிட்டயர் ஆகும்வரை மடித்துக்கொண்டே இருந்தேன்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் எபனேசர் சார். பிரேசர் டவுன்காரர், நேவியில் இருந்து வந்தவர். காதில் எப்போதும் ஒரு பென்சில். ஒரு கேள்வியை ஒரு தடவைதான் கேட்பார். பதில் வரும்வரை நின்றுகொண்டிருப்பார். அந்த நிற்பதைத் தாங்க முடியாமலே நிறையப் பேர் உண்மையைச் சொல்லியிருக்கிறோம். நல்லா இருக்கு, மோசம், பரவாயில்லை என்று எதையும் சொல்ல மாட்டார். அளவைச் சொல்வார். என் பெரிய பெண் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டவரிடம் சாப்பாடு எப்படி சார் என்று கேட்டேன். "ரெண்டு தடவை சாம்பார் வாங்கினேன்" என்றார்.

அவர் வைத்திருந்த முறை இது. ராஃப்ட் வந்ததும் விரித்துக் காற்றடித்து ஒரு நாள் முழுக்க நிறுத்த வேண்டும். அழுத்தம் இறங்குகிறதா என்று மணிக்கொரு தடவை எழுத வேண்டும். சிலிண்டரை எடை போட வேண்டும். துணி முழுவதையும் புறங்கையால் தடவ வேண்டும். உள்ளங்கை காய்ச்சுப்போனது, அதற்கு ஒன்றும் தெரியாது என்பார். மடிக்க உட்காருவதற்கு முன் மோதிரம், வாட்ச், பெல்ட், சட்டைப் பையிலிருக்கும் பேனா எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டுவிட வேண்டும். என் இடுப்புத் தாயத்தைக்கூடக் கழற்றச் சொன்னார். முனை உள்ள எதுவும் அந்தத் துணிக்குப் பக்கத்தில் வரக்கூடாது.

கடைசியாக எண்ணிக்கை. சுவரில் ஒரு பலகை. அதில் பதினாலு கருவிகளின் உருவம் வெள்ளைப் பெயிண்டில் வரைந்திருக்கும்: ஸ்பேனர்கள், ரோலர், ஊசி, நூல் வெட்டும் சின்னக் கத்திரிக்கோல், இப்படி. மடித்து முடித்ததும் ஒவ்வொன்றையும் அதனதன் உருவத்தின் மேல் மாட்ட வேண்டும். வெள்ளையாக எதுவும் தெரியக்கூடாது. தெரிந்தால் அந்தக் கருவி ராஃப்ட்டுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். எண்ணிய பிறகுதான் பெட்டியின் மூடி. சார் வந்து நிற்பார்.

"எண்ணியாச்சா?"

"எண்ணியாச்சு சார்."

"எத்தனை?"

"பதினாலு."

கையெழுத்துப் போடுவார். வருஷக்கணக்காக இந்த நான்கு வரியில் ஒரு சொல் மாறினதில்லை.

ராஃப்ட்டுக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்றும் ஒரு பட்டியல் உண்டு. தண்ணீர்ப் பாக்கெட், பிஸ்கட், டார்ச், விசில், கைப்பம்ப் என்று இருபத்திரண்டு சாமான். நான் இருபத்துமூன்றாவதாக ஒன்று வைப்பேன். எங்கள் தெரு முருகன் கோயில் விபூதி, காகிதத்தில் மடித்தது. முதல் மடிப்புப் போடும்போதே உள்ளே செருகிவிடுவேன். நான் முகம் தெரியாத ஆட்களுக்காக மடிக்கிறேன். அவர்கள் இதைத் திறக்கும் நேரம் எப்படிப்பட்ட நேரமாக இருக்கும் என்று நினைத்தால் வைக்காமல் இருக்க முடியாது. சாருக்குத் தெரியாது. தப்பு என்றும் அப்போது தோன்றவில்லை.

நான் சேர்ந்து ஏழாவது வருஷம், ஆடி மாதம், ராமநாதன் என்று ஒரு ரிட்டயர்டு இன்ஜினியர் மனைவியோடு வந்தார். இந்திரா நகரில் வீடு. மங்களூரில் ஒரு பாய்மரப் படகு வைத்திருந்தார், தன் கையாலேயே கட்டியது. தசரா முடிந்ததும் இருவருமாக லட்சத்தீவு வரை போய்வரத் திட்டம். நான்கு தடவை பட்டறைக்கு வந்தார். நான்கு தடவையும் ஒரே கேள்வி.

"ராஃப்ட் வாங்கறதா, வாடகைக்கு எடுக்கறதா? நீங்களே சொல்லுங்க சார்."

கையில் ஒரு நோட்டு. இந்தப் பக்கம் வாங்குவதன் நன்மைகள், அந்தப் பக்கம் வாடகையின் நன்மைகள். இரண்டும் சரியாக ஒரே உயரத்தில் இருந்தன. எபனேசர் சார் எதையும் சொல்ல மாட்டார், கேட்பார்.

"வருஷத்துல எத்தனை நாள் கடல்ல இருப்பீங்க?"

"இருபது நாள்னு வெச்சுக்குங்க."

"மிச்ச நாள் ராஃப்ட் எங்க இருக்கும்?"

"வீட்டுல. பரண்ல."

"பரண்ல எலி வருமா?"

ராமநாதன் மனைவியைப் பார்த்தார். அவர் பெயர் வசந்தா. "வரும்" என்றார் அந்த அம்மா.

"வருஷா வருஷம் தவறாம இங்க கொண்டாந்து திறந்து சோதிப்பீங்களா?"

"கண்டிப்பா சார்."

"ஸ்கூட்டருக்கு ஆயில் மாத்தி ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார் வசந்தா அம்மா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"யோசிங்க" என்று சார் போய்விடுவார். நான்காவது தடவை அந்த அம்மாவே கேட்டார்.

"வாடகைன்னா, எங்களுக்கு முன்னாடி யாரு வெச்சிருந்தாங்க, எப்படி வெச்சிருந்தாங்க, எங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"திரும்பி வந்ததும் ஒவ்வொரு தடவையும் முழுசாத் திறப்போம்மா. திறந்து பாக்காம அடுத்தவங்களுக்குப் போகாது."

"திறந்தா யாரு மூடுவாங்க?"

சார் பென்சிலால் என்னைக் காட்டினார். "இவரு."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நெற்றியைத்தான் பார்த்தார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, மூன்று பட்டையும் நன்றாகவே இட்டிருந்தேன்.

"சாமி கும்புடற மனுஷன். பொய் சொல்ல மாட்டாரு. வாடகைக்கே எடுத்துக்கலாங்க" என்றார்.

ராமநாதன் நோட்டில் வாங்குவதன் பக்கத்தை அடித்துவிட்டு மூடினார்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் அவர்களுடைய ராஃப்ட்டை மடித்தேன். தீவுக்குப் போகும் அனுமதிச் சீட்டு சனிக்கிழமைக்குப் போட்டிருந்தது. பூஜை புதன்கிழமை. வியாழன் விஜயதசமி, லாரி ஓடாது. அதனால் புதன் மத்தியானமே ராஃப்ட் மங்களூருக்குக் கிளம்ப வேண்டும். சாயங்காலம் நான் நூலை முடித்து வெட்டும்போதே, கூட வேலை பார்த்த லிங்கராஜு வாளித் தண்ணீரும் புளியுமாக வந்து கருவிகளை அள்ளிக்கொண்டிருந்தான். பூஜைக்குத் துலக்க வேண்டுமாம். லிங்கராஜு தும்கூர்க்காரன். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவான். எல்லோரும் அவனுக்கு குருதான்.

"இருப்பா, எண்ணிட்டுத் தரேன்" என்றேன்.

"என்ன குரு, நாளைக்கு எல்லாம் சாமி முன்னாடி வரிசையாத்தான இருக்கப்போகுது? அங்கயே எண்ணிக்கோ. சாமி என்ன திருடிட்டா போகப்போறாரு?"

எனக்கும் சரி என்று பட்டது. மூடியைப் போட்டுப் பட்டையை இறுக்கினேன். எண்ணிவிட்டு மூடுவதற்குப் பதிலாக, மூடிவிட்டு எண்ணலாம் என்று இருந்துவிட்டேன். வாசலில் வாழைக்கன்று கட்ட ஒரு கை கொடு என்று கூப்பிட்டார்கள், போனேன்.

மறுநாள் பூஜை நன்றாக நடந்தது. தரையில் போட்ட பூஜைப் பலகை மேல் கருவிகளைப் பரப்பி, சந்தனம் குங்குமம் வைத்து, மேலே சாமந்தியைக் கொட்டியிருந்தார்கள். எபனேசர் சார் கிறிஸ்தவர்தான். ஆனாலும் வருஷா வருஷம் தேங்காயை அவர்தான் உடைப்பார். தீபாராதனை முடிந்து பொரி கொடுக்கும்போதே வாசலில் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நான் பலகை முன்னால் போய் நின்று எண்ணினேன். பதிமூன்று. கத்திரிக்கோலைக் காணோம். ஓரத்தில் சாமந்தி ஒரு குவியலாகக் கிடந்தது.

அந்தப் பூவை விலக்கிப் பார்த்திருக்கலாம். ஆனால் பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை ஆகும்வரை தொடக்கூடாது என்று வளர்ந்தவன் நான். சாமிக்கு வைத்த பூவை, அடியில் இருக்கிறதா என்று சந்தேகப்பட்டுத் தள்ளிப் பார்க்க எனக்குக் கை வரவில்லை. அடியில்தான் இருக்கும், வேறு எங்கே போகும் என்று நினைத்தேன்.

பின்னால் சார்.

"எண்ணியாச்சா?"

"எண்ணியாச்சு சார்."

"எத்தனை?"

"பதினாலு."

கையெழுத்துப் போட்டார். லாரி போய்விட்டது.

வியாழன் காலை மறுபூஜை. கருவிகளை எடுத்து ஒப்புக்கு ஒரு வேலை செய்துவிட்டு வீட்டுக்குப் போவது வழக்கம். கற்பூரம் காட்டியதும் நான் முதலில் அந்தப் பூக்குவியலைத்தான் எடுத்தேன். அடியில் பலகைதான் இருந்தது. பூவை எல்லாம் உதறிப் பார்த்தேன். பூஜைத் துணிக்கு அடியில், வாளிக்குள், அலமாரிக்குப் பின்னால் எல்லாம் தேடினோம். சுவரில் மற்ற உருவங்களை எல்லாம் மூடிவிட்டோம். கத்திரிக்கோல் மட்டும் வெள்ளையாக நின்றது.

"இதுக்கு ஏன் குரு மூஞ்சிய இப்படி வெச்சிருக்கே?" என்றான் லிங்கராஜு. "நாளைக்கு சிக்பேட்டைல அதே மாதிரி ஒண்ணு வாங்கி மாட்டிடு. கத்திரி கத்திரிதானே. யாருக்குத் தெரியும்?"

"உள்ள இருந்துச்சுன்னா?"

"அவங்க அதைத் திறக்கவே போறதில்ல மாராயா. நீ மடிச்ச ராஃப்ட்ல இதுவரைக்கும் எத்தனை கடல்ல திறந்திருக்காங்க? ஒண்ணு சொல்லு."

ஒன்றும் இல்லை. அவன் சொன்னது உண்மை. ஆனால் என் நெற்றியைப் பார்த்து ஒரு அம்மா சரி என்று சொன்னது இவனுக்குத் தெரியாது. மடிப்புக்குள் கத்திரிக்கோல் இருந்து, கேஸ் பாய்ந்து துணி ஒரு நொடியில் விரிந்தால் கிழிக்காமல் விடாது.

இரண்டு பஸ் மாறி பிரேசர் டவுனில் சார் வீட்டுக்குப் போனேன். வீட்டிலிருந்த எல்லோருடைய ஷூவையும் வாசலில் வரிசையாக வைத்துப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். லீவு நாள் அல்லவா.

"உக்காரு. டீ சாப்பிடறியா?"

"சார், நேத்து பதினாலுன்னு சொன்னேன்."

"ஆமா."

"பதிமூணுதான் பாத்தேன்."

பிரஷ் நின்றது. "எது இல்ல?"

"சின்னக் கத்திரிக்கோல்."

"நேத்தே இல்லயா, இல்ல நேத்து நீ பாக்கலயா?"

"மேல பூ இருந்துச்சு சார். அடியில இருக்கும்னு நெனச்சேன்."

"நெனச்சதையும் சேத்து எண்ணிட்ட."

"ஆமா சார்."

அவர் திட்டவில்லை. கையிலிருந்த ஷூவை மூக்கு முதல் குதிகால்வரை முழுதாகத் தேய்த்து முடித்து, அதன் ஜோடியோடு வைத்து, எழுந்து உள்ளே போய் மங்களூரில் ராமநாதன் தங்கியிருந்த லாட்ஜுக்குப் போன் போட்டார். அவர் பேசியது மட்டும் எனக்குக் கேட்டது.

"இருக்குன்னு சொல்லல சார். இல்லன்னு சொல்ல முடியல... ஆமா, நாங்க வரோம்... வேண்டாம், குலுக்கிப் பாக்காதீங்க."

துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். என் மனைவி சரோஜா பையில் சட்டையை வைத்துக்கொண்டே கேட்டாள்: "நீங்கதான் உள்ள விபூதி வெச்சிருப்பீங்களே. அப்புறம் எதுக்கு இப்படிப் பதறிக்கிட்டு ஓடறீங்க?"

"சும்மா இரு" என்றேன். பையை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை மங்களூரில் இறங்கினோம். ஏழு வருஷம் கடலுக்காக வேலை பார்த்தவன் கடலைப் பார்த்ததில்லை. படகுத் துறையில் பெரிய தண்ணீரைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"இது ஆறு" என்றார் சார். "கடல் அந்தப் பக்கம்."

அந்தப் பக்கம் பார்க்க நேரமில்லை. ராமநாதனும் வசந்தா அம்மாவும் படகடியில் காத்திருந்தார்கள். சார் முதலில் நிலைமையைச் சொன்னார். பெட்டியைத் திறந்து மடிப்பைக் கலைத்துவிட்டால், இங்கே திரும்ப மடிக்க முடியாது. மடிப்பைப் பெட்டி அளவுக்கு அழுத்தும் இயந்திரம் பீன்யாவில்தான் இருக்கிறது. மாற்று ராஃப்ட் இப்போது கையில் இல்லை. திறந்தால் நாளைக்குப் பயணம் கிடையாது. திறக்காவிட்டால், உள்ளே இருக்கிறதா என்று தெரியாமல் போக வேண்டும்.

ராமநாதன் படகையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அனுமதிச் சீட்டுக்கு அவர் ஐந்து மாதம் அலைந்தவர்.

"சார், இருக்கறதுக்கு சான்ஸ் எவ்வளவுன்னு நெனைக்கறீங்க?"

"நெனச்சதாலதான் இவ்வளவு தூரம் வந்திருக்கோம்" என்றார் சார்.

வசந்தா அம்மா என்னிடம் கேட்டார். "நீங்க சொல்லுங்க. உங்க சம்சாரம் இதுல போறாங்கன்னா?"

"திறப்பேம்மா."

"திறங்க."

தார்ப்பாயை விரித்தோம். சார் முதலில் சிலிண்டரின் இழுகயிற்றைக் கழற்றி ஓரம் வைத்தார், தவறி ஊதிவிடக்கூடாது என்று. பிறகு பட்டையை அறுத்து மடிப்பு மடிப்பாகப் பிரித்தார். ஒவ்வொரு மடிப்பையும் புறங்கையால் தடவினார். நான் பக்கத்தில் மண்டிபோட்டு, எத்தனையோ தெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கத்திரிக்கோல் கிடைக்க வேண்டும் என்று வேண்டுவதா, கிடைக்கக்கூடாது என்று வேண்டுவதா என்று தெரியாததால் வெறும் பெயரை மட்டும் சொன்னேன்.

கடைசி மடிப்புவரை வந்தாயிற்று. கத்திரிக்கோல் இல்லை.

"இல்லயா?" என்றார் ராமநாதன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அப்ப ஒண்ணுமில்லாததுக்கா..."

சாரின் கை ஒரு இடத்தில் நின்றது. திரும்பவும் அதே இடத்தைத் தடவினார். இரண்டு விரலால் எதையோ எடுத்தார். சின்ன பிளாஸ்டிக் உறை, உள்ளே குங்குமம். உறையின் வாயில் ஸ்டேப்ளர் பின்.

மற்ற நாட்களில் கோயிலில் காகிதத்தில் மடித்துத்தான் தருவார்கள். நவராத்திரிக் கூட்டம் என்பதால் அந்த வாரம் மட்டும் விபூதிக்குப் பதில் குங்குமத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பின் அடித்துக் கொடுத்தார்கள். நான் எப்போதும்போல வாங்கினேன், எப்போதும்போல செருகினேன். தாயத்தைக் கழற்றி டப்பாவில் போட்ட அதே கையால்.

பின்னின் ஒரு கால் சரியாக மடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேலே இயந்திரம் அழுத்தியது, லாரி மலைப்பாதை முழுக்கக் குலுக்கியது. உறை இருந்த இடத்தில் துணியில் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி. சார் ராஃப்ட்டின் அந்தப் பக்கத்துக் காற்று அறைக்குள் கைப்பம்பால் காற்றடித்து, புள்ளியின் மேல் எச்சில் தொட்டு வைத்தார். குமிழி வந்தது.

"இது லிஸ்ட்ல எத்தனாவது சாமான்?"

"லிஸ்ட்ல இல்ல சார்."

"யார் வெச்சது?"

"நான்."

நின்றுகொண்டே இருந்தார். நானே சொன்னேன்: "அஞ்சு வருஷமா வெக்கறேன் சார். எல்லா ராஃப்ட்லயும்."

ராமநாதன் கேட்டார்: "சார், இதோட போயிருந்தா நாங்க செத்திருப்போமா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். இதுல ரெண்டு அறை. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்கும். கைப்பம்பும் இருக்கு. ராப்பகலா ஒருத்தர் மாத்தி ஒருத்தர் அடிச்சுக்கிட்டே இருந்திருப்பீங்க. எத்தனை நாள்னு எனக்குத் தெரியாது."

வசந்தா அம்மா குனிந்து சார் கையிலிருந்து உறையை வாங்கினார். பின்னைப் பிடுங்கிக் கணவர் கையில் கொடுத்தார். குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"இது இங்க இருக்கட்டும்" என்றார் என்னிடம். "ரப்பருக்குள்ள வேணாம்."

அவர்கள் சனிக்கிழமை போகவில்லை. ராஃப்ட்டை எடுத்துக்கொண்டு நாங்கள் ஊருக்கு வந்தோம். முதலாளி என்னை நிறுத்திவிடச் சொன்னார். சார் அவரிடம், "அப்ப ரெண்டு பேரை நிறுத்தணும். நான் எத்தனைன்னு கேட்டேன், போய்ப் பாக்கல" என்றார். ராஃப்ட் மடிக்கத் தெரிந்தவர்கள் அந்தப் பட்டறையில் மொத்தமே இரண்டு பேர். முதலாளி யோசித்துவிட்டு வேறு வேலை இருப்பதாகப் போய்விட்டார்.

எனக்குத் தண்டனை கடிதம் எழுதுவது. நான் மூடி அப்போது வெளியில் இருந்த பதினெட்டு ராஃப்ட்டுகளின் சொந்தக்காரர்களுக்கும், பட்டியலில் இல்லாத ஒரு பொருளை உள்ளே வைத்திருக்கிறேன், செலவில்லாமல் திறந்து எடுத்துத் தருகிறோம் என்று என் கையெழுத்தில் எழுத வேண்டும். தமிழில் எழுதினேன், சார் கீழே இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்திட்டார். எல்லா ராஃப்ட்டும் வந்தன. எல்லாவற்றிலும் காகித விபூதிதான், துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. சென்னையிலிருந்து ஒரு மீன்பிடிக் கப்பல் கேப்டன் மட்டும், விபூதி இருக்கட்டும், எடுக்க வேண்டாம் என்று பதில் போட்டார். சார் அவருக்கு ஒரே வரியில் எழுதினார்: "வைக்க இயலாது."

மங்களூரிலிருந்து வந்த அடுத்த வாரம், வாசலில் கட்டிய வாழைக்கன்று காய்ந்துபோய் அதைக் கழற்றினார்கள். லிங்கராஜு என்னிடம் ஓடிவந்தான்.

"இந்தா குரு, தகோ. வாழை மரம் குட்டி போட்டிருக்கு."

கத்திரிக்கோல். கயிறு வெட்ட நானே கொண்டுபோய், வெட்டிவிட்டு, மட்டைக்கு நடுவில் செருகிவிட்டு வந்திருக்கிறேன். பட்டறைக் கருவியை வாசல் வேலைக்கு எடுத்ததும் முறை கிடையாது. அதையும் எழுதிக் கொடுத்தேன். சார் வாங்கிப் பார்த்துவிட்டு மற்றக் காகிதங்களோடு கோத்து வைத்தார்.

அதற்கடுத்த ஆயுத பூஜையிலிருந்து முறை மாறியது. கருவிகளைக் கீழே இறக்குவதில்லை. சுவர்ப் பலகையில் அதனதன் இடத்தில் மாட்டியபடியே பூஜை. பொட்டு வைக்கலாம், கற்பூரம் காட்டலாம். பூவைப் பலகைக்குக் கீழேதான் வைக்க வேண்டும். இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது. ஏன் என்று கேட்டால் அது ஏதோ ஐதீகம் என்று சொல்கிறார்களாம்.

ராமநாதனுக்குப் பனிக்காலத்தில் மறுபடி அனுமதி கிடைத்தது. மறுபடியும் நோட்டோடு வந்தார். "இந்தத் தடவை வாங்கிடலாமான்னு பாக்கறேன்" என்றார். சார் ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் வசந்தா அம்மா, "வாங்கியிருந்தா அந்தப் பின் பரண்லயே இருந்திருக்கும், நமக்குத் தெரிஞ்சே இருக்காது. வாடகைதான். இதே ஆளுதான் மூடணும்" என்றார். மடிக்கும் அன்று ஒரு ஸ்டூல் போட்டு அரை நாள் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். நான் எண்ணினேன். அவரும் எண்ணினார். சார் வந்து கேட்டதும், நான் வாய் திறப்பதற்கு முன்னால் அந்த அம்மா "பதினாலு" என்றார். சார் தானே போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்திட்டார். அதற்கப்புறம் அவர் ரிட்டயர் ஆகும்வரை ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்த்தார்.

அவர்கள் போய் இருபத்தோராம் நாள் ராஃப்ட் திரும்பி வந்தது. சீல் உடையவில்லை. திறந்தேன், இருபத்திரண்டு சாமானும் வைத்தது வைத்தபடி இருந்தது. எங்கள் வேலையில் இதற்கு மேல் ஒரு நல்ல சேதி கிடையாது.

வாங்குவதா வாடகையா என்று இன்றும் என்னிடம் கேட்கிறார்கள். எபனேசர் சார் கேட்ட அதே கேள்விகளைத்தான் நானும் கேட்கிறேன். வாங்கினால் வருஷா வருஷம் திறக்கக் கொண்டுவர வேண்டும்; நான் பார்த்தவரை இரண்டு வருஷம் கொண்டுவருவார்கள், மூன்றாம் வருஷம் வர மாட்டார்கள். அது முடியாதவர்கள் வாடகைக்கு எடுங்கள். எடுக்கும் முன் மூடுகிற ஆளைப் பாருங்கள். நெற்றியைப் பார்க்காதீர்கள். சுவரில் அவர் பலகையைப் பாருங்கள்.

பட்டறையில் இருக்கும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். இதை அடுத்து வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள், சொல்லத்தான் வேண்டும். ஆனால் இதில் இருக்கிறபடியே சொல்லுங்கள். என் கனவில் யாரும் வரவில்லை. அந்தப் பின்னைக் காட்டத்தான் சாமி கத்திரிக்கோலை ஒளித்து வைத்தது என்று லிங்கராஜுவே பிற்பாடு சொல்ல ஆரம்பித்தான். அப்படி நினைக்க எனக்கும் ஆசைதான். அதற்காக முருகனுக்கு நான் செய்யும் நன்றி என் வீட்டுப் பூஜை அறையில் நடக்கிறது. அதைப் பட்டறைக்குக் கொண்டுவராதீர்கள். கத்திரிக்கோலை வாழை மட்டையில் செருகியது சாமி என்று ஆகிவிட்டால், அடுத்து பின்னை உள்ளே வைத்ததும் சாமி என்று ஆகும். அப்புறம் யாரும் எண்ண மாட்டீர்கள்.

உயிரைக் காப்பாற்றினான் என்று சேர்க்காதீர்கள். காப்பாற்றினேனா என்று எபனேசர் சாருக்கே தெரியாது. நல்லவன் என்று சேர்க்காதீர்கள். ஒரு அம்மா என்னை நம்பினார், என் மேலதிகாரி என்னைக் கேட்டார். பதிமூன்றைப் பார்த்துவிட்டுப் பதினாலு என்றேன். இந்த ஒரு வரியை மட்டும் மாற்றாமல் சொன்னால் போதும்.